சமச்சீர்ப் பகுதியும் எதிர் சமச்சீர்ப் பகுதியும்: அணிகளைப் பிரிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சதுர அணியையும் ஒரு சமச்சீர் அணி, ஓர் எதிர் சமச்சீர் அணி ஆகிய இரண்டின் கூடுதலாக எழுதலாம் என்ற தேற்றத்தின் நிரூபணம் இரண்டே வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அப்படிப் பிரிப்பதால் என்ன தெரிய வருகிறது என்ற ஐயம் மட்டும் மாணவர்களிடம் தீராமல் இருந்துகொண்டே இருக்கிறது. திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்கொண்ட அணியை அ என்றும், அதன் நிரைகளை நிரல்களாக மாற்றிக் கிடைக்கும் நிரை நிரல் மாற்று அணியை அ′ என்றும், சமச்சீர்ப் பகுதியை ச என்றும், எதிர் சமச்சீர்ப் பகுதியை எ என்றும் குறிக்கிறேன். வேறுவிதமாகச் சொல்லாதவரை உறுப்புகள் அனைத்தும் மெய்யெண்கள்.

சமச்சீர், எதிர் சமச்சீர் என்றால் என்ன? எளிமையாக ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்களேன்.

நிரை நிரல் மாற்றம் செய்த பிறகும் மாறாமல் இருப்பது சமச்சீர் அணி, அதாவது ச′ = ச. மாற்றம் செய்தவுடன் எல்லா உறுப்புகளும் குறி மாறி வருவது எதிர் சமச்சீர் அணி, அதாவது எ′ = −எ. அணியை ஒரு தாளில் எழுதி, முதன்மை மூலைவிட்டத்தின் வழியே தாளை மடித்தால், ஒன்றன்மேல் ஒன்றாக வந்து பொருந்தும் எண்கள் முதல் வகையில் சமமாக இருக்கும். இரண்டாம் வகையில் ஒன்று மற்றொன்றின் குறி மாறிய எண்ணாக இருக்கும்.

பொதுவான ஓர் அணி இவ்விரண்டில் எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள அணியில் ஒன்றோடொன்று பொருந்தும் எண்கள் 7, 3. அவை சமமும் அல்ல, குறி மாறியவையும் அல்ல. இந்த அணியைப் பின்னால் வரும் விடைகளிலும் பயன்படுத்துவேன்.

அ =
[ 2  7 ]
[ 3  4 ]

ச = ½(அ + அ′), எ = ½(அ − அ′) என்ற சூத்திரம் எங்கிருந்து வருகிறது? மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். மேலே உள்ள 7, 3 என்ற இணையை மட்டும் பாருங்கள். இவற்றின் சராசரி 5. அந்தச் சராசரியிலிருந்து 7 இரண்டு கூடுதலாகவும், 3 இரண்டு குறைவாகவும் நிற்கின்றன. ஆகவே 7 = 5 + 2, 3 = 5 − 2. இரண்டு இடங்களிலும் சராசரியை எழுதினால் சமச்சீர்ப் பகுதி கிடைக்கிறது. சராசரியிலிருந்து விலகியதை அதன் குறியோடு எழுதினால் எதிர் சமச்சீர்ப் பகுதி கிடைக்கிறது.

ச =
[ 2  5 ]
[ 5  4 ]

எ =
[ 0   2 ]
[ −2  0 ]

மூலைவிட்டத்தின் இருபுறமும் உள்ள ஒவ்வோர் இணைக்கும் இதே கணக்கைத் தனித்தனியாகச் செய்கிறோம். சூத்திரம் அவை அனைத்தையும் ஒரே வரியில் எழுதிக் காட்டுகிறது. ½ வருவதும் இதனால்தான்: இரண்டு எண்களின் சராசரிக்கு இரண்டால் வகுத்தே ஆக வேண்டும்.

எதிர் சமச்சீர் அணியின் மூலைவிட்டத்தில் எப்போதுமே பூச்சியம்தானா?

ஆம். மூலைவிட்டத்தில் உள்ள உறுப்பு நிரை நிரல் மாற்றத்தில் இடம் மாறுவதில்லை. ஆகவே அது தன்னுடைய குறி மாறிய எண்ணுக்கே சமமாக இருக்க வேண்டும், மெய்யெண்களில் அப்படிப்பட்டது பூச்சியம் மட்டுமே. மூலைவிட்ட உறுப்புகள் முழுவதும் ச-வுக்கே போகின்றன.

சதுரமாக இல்லாத அணியை இப்படிப் பிரிக்கலாமா?

முடியாது. அதன் நிரை நிரல் மாற்று அணியின் வரிசை வேறாக இருப்பதால் இரண்டையும் கூட்டவோ கழிக்கவோ வழியில்லை.

இதே அணியை வேறொரு சமச்சீர் அணியாகவும் வேறோர் எதிர் சமச்சீர் அணியாகவும் பிரிக்க முடியாதா?

முடியாது, பிரிப்பு ஒன்றே ஒன்றுதான். ச + எ என்றும், ச₁ + எ₁ என்றும் இரண்டு விதமாகப் பிரித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ச − ச₁ = எ₁ − எ. இடப்பக்கம் சமச்சீர் அணி, வலப்பக்கம் எதிர் சமச்சீர் அணி. ஒரே அணி இரண்டு வகையிலும் சேர வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் தன் எதிர்மத்துக்குச் சமமாக வேண்டும். எனவே அது பூச்சிய அணி.

உறுப்புகளை எண்ணிப் பார்த்தாலும் கணக்கு சரியாக இருக்கிறது. மூன்றாம் வரிசை அணியில் 9 உறுப்புகள். சமச்சீர் அணியில் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக்கூடியவை 6, எதிர் சமச்சீர் அணியில் 3. நான்காம் வரிசையில் 16 = 10 + 6. மிச்சமும் இல்லை, இரட்டிப்பும் இல்லை.

மூன்றாம் வரிசை அணி ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள்.

அ =
[ 1  6  −2 ]
[ 2  3   8 ]
[ 4  0   5 ]

இதில் இணைகள் மூன்று: (6, 2), (−2, 4), (8, 0). சராசரிகள் முறையே 4, 1, 4. முதல் எண் சராசரியிலிருந்து விலகும் அளவுகள் 2, −3, 4.

ச =
[ 1  4  1 ]
[ 4  3  4 ]
[ 1  4  5 ]

எ =
[ 0    2  −3 ]
[ −2   0   4 ]
[ 3   −4   0 ]

கூட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அணிக்கோவை பற்றிய கேள்வியில் இந்த அணி மீண்டும் தேவைப்படும்.

ஒரு சார்பை இரட்டைப்படைச் சார்பு, ஒற்றைப்படைச் சார்பு என்று பிரிப்பதும் இதுவும் ஒன்றுதானா?

இரண்டுக்கும் அடியில் இருக்கும் கருத்து ஒன்றே. ஒரு செயலை இரண்டு முறை செய்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். சார்பில் மாறியின் குறியை மாற்றுவது அத்தகைய செயல்; அணியில் நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றுவதும் அத்தகையதே, ஏனெனில் (அ′)′ = அ. அப்படிப்பட்ட எந்த நேரியல் செயலுக்கும், தொடக்கப் பொருளையும் செயலின் விளைவையும் கூட்டிப் பாதியாக்கினால் செயலால் மாறாத பகுதி கிடைக்கும். கழித்துப் பாதியாக்கினால் குறி மட்டும் மாறும் பகுதி கிடைக்கும். ஒரு கலப்பெண்ணை மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று பிரிப்பதும் இணை எண் எடுக்கும் செயலைக் கொண்டு இதே வழியில் நடப்பதுதான். இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் மூன்று சூத்திரங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் தேவை போய்விடும்.

கணக்குப் புரிகிறது. வடிவியலில் ச என்ன செய்கிறது, எ என்ன செய்கிறது?

என் கருத்தில் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். ஓர் அணி ஒரு வெக்டரின் மேல் செயல்படும்போது, விளைவின் ஒரு பங்கு அந்த வெக்டரின் திசையிலேயே இருக்கும், மற்றொரு பங்கு அதற்குச் செங்குத்தாக இருக்கும். எதிர் சமச்சீர் அணிக்கு முதல் பங்கே கிடையாது: ப எந்த வெக்டராக இருந்தாலும் எப அதற்குச் செங்குத்தாகவே அமையும். காரணம் எளியது. ப′எப என்பது ஒரே ஓர் எண். எண்ணுக்கு நிரை நிரல் மாற்றம் செய்தாலும் அதே எண்தான். ஆனால் மாற்றம் செய்து எழுதினால் ப′எ′ப, அதாவது −ப′எப என்று வருகிறது. தன் எதிர்மத்துக்குச் சமமான எண் பூச்சியம்.

முதல் எடுத்துக்காட்டில் ப = (1, 1) என்று எடுத்துப் பாருங்கள். அப = (9, 7), சப = (7, 9), எப = (2, −2). எப-க்கும் ப-க்கும் உள்ள புள்ளிப் பெருக்கம் 2 − 2 = 0. அப-க்கும் ப-க்கும் உள்ள புள்ளிப் பெருக்கம் 16. சப-வை எடுத்துக்கொண்டாலும் அதே 16. ப-யின் திசையில் நிகழும் நீட்சி முழுவதும் ச-விலிருந்து வருகிறது, எ அதில் சிறிதும் பங்கெடுப்பதில்லை. ஆனால் இதைத் தலைகீழாக்கி, ச பக்கவாட்டில் எதையும் செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது. (7, 9) என்ற வெக்டர் (1, 1)-இன் திசையில் இல்லை. மெய்யெண் சமச்சீர் அணிக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான ஐகன் திசைகள் (அணி செயல்பட்ட பிறகும் வெக்டர் அதே கோட்டில் இருக்கும் திசைகள்; அப்போது அது எத்தனை மடங்காகிறது என்பது ஐகன் மதிப்பு) எப்போதும் உண்டு. அந்தத் திசைகளில் மட்டுமே அது வெறும் நீட்சியாகவோ சுருக்கமாகவோ செயல்படும்.

இருபடி வடிவங்களில் ஏன் சமச்சீர் அணியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்?

முந்தைய விடையிலேயே இதற்கும் காரணம் இருக்கிறது. மாறிகளை க, த என்று கொண்டால், முதல் அணி தரும் இருபடி வடிவம், அதாவது ப = (க, த) என்று கொண்டு எழுதிய ப′அப, 2க² + 7க·த + 3த·க + 4த², அதாவது 2க² + 10க·த + 4த². அந்த 10 என்பது 7 + 3 ஆக வந்ததா, 5 + 5 ஆக வந்ததா, 10 + 0 ஆக வந்ததா என்று இருபடி வடிவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எ எதுவாக இருந்தாலும் ப′எப பூச்சியம் என்பதால், இருபடி வடிவத்தில் அதற்கு இடமில்லை. ஒரே வடிவத்தைத் தரும் எண்ணற்ற அணிகளில் சமச்சீரானது ஒன்று மட்டுமே இருப்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். இதனால் பொதுத்தன்மை எதுவும் குறைவதில்லை.

அப்படியானால் எதிர் சமச்சீர் அணி என்பது சுழற்சி அணியா?

இது பலரும் தடுமாறும் இடம். எதிர் சமச்சீர் அணி சுழற்சி அன்று, சுழற்சியின் வேகம். தளத்தில் 90° சுழற்றும் அணி எதிர் சமச்சீராக இருப்பதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. 180° சுழற்றும் அணியைப் பாருங்கள்: அது அலகு அணியின் எதிர்மம், முழுக்க முழுக்கச் சமச்சீரானது. 60° சுழற்றும் அணியின் சமச்சீர்ப் பகுதி அலகு அணியில் பாதி. பொதுவாகத் தளச் சுழற்சியின் சமச்சீர்ப் பகுதி கோணத்தின் கொசைன் மதிப்பை அலகு அணியோடு பெருக்கியதாகவும், எதிர் சமச்சீர்ப் பகுதி சைன் மதிப்பைக் கொண்டதாகவும் இருக்கும். கோணம் மிகச் சிறியதாக இருக்கும்போது மட்டும், அலகு அணியிலிருந்து ஏற்படும் விலகல் ஏறத்தாழ முழுவதும் எதிர் சமச்சீர்ப் பகுதியில் அடங்குகிறது.

ஒரு புள்ளியின் திசைவேகம் எப்போதும் அதன் இடவெக்டருக்குச் செங்குத்தாக இருந்தால், ஆதியிலிருந்து அதன் தொலைவு மாறாது. எ தருவது அத்தகைய திசைவேகத்தைத்தான். மூன்று பரிமாணங்களில் எ-யின் மூன்று தனி எண்களை ஒரு வெக்டராக எழுதலாம். அப்போது எப என்பது அந்த வெக்டருக்கும் ப-க்கும் உள்ள குறுக்குப் பெருக்கமாகிறது. மூன்றாம் வரிசை எடுத்துக்காட்டில் அந்த வெக்டர் (−4, −3, −2). சுழற்சி அச்சு அதன் வழியே செல்கிறது. எதிர் சமச்சீர் அணியிலிருந்து உண்மையான சுழற்சியைப் பெற வேறொரு வழியை ஆர்தர் கேய்லி 1846-இல் காட்டினார்: அலகு அணியிலிருந்து எ-யைக் கழித்து, அலகு அணியோடு எ-யைக் கூட்டியதன் நேர்மாறால் பெருக்கினால் சுழற்சி அணி கிடைக்கும். அந்த நேர்மாறு எப்போதும் இருக்கும், ஏனெனில் ப-யும் எப-யும் செங்குத்து என்பதால் ப + எப-யின் நீளம் ப-யின் நீளத்தைவிடக் குறையவே முடியாது.

இந்தப் பிரிப்பை நேரடியாகப் பயன்படுத்தும் துறை ஏதாவது உண்டா?

பாய்ம இயக்கவியலில் இது அன்றாடக் கருவி. ஒரு தட்டின் மேல் ஓடும் திரவத்தில், உயரம் கூடக் கூட வேகமும் அதே விகிதத்தில் கூடுவதாகக் கொள்வோம். இடத்தைப் பொறுத்துத் திசைவேகம் மாறும் வீதங்களை அணியாக எழுதினால் முதல் நிரை (0, 1), இரண்டாம் நிரை (0, 0). எல்லாத் துகள்களும் நேர்கோட்டில்தான் போகின்றன. சுழற்சி எங்கும் இருப்பதாகத் தோன்றாது. பிரித்துப் பாருங்கள்:

ச =
[ 0  ½ ]
[ ½  0 ]

எ =
[ 0   ½ ]
[ −½  0 ]

இந்த ச, ஓட்டத்துக்கு 45° சாய்ந்த திசையில் இழுத்து, அதற்குச் செங்குத்தான திசையில் அதே அளவு அமுக்குகிறது. இந்த எ, அலகு நேரத்துக்கு அரை ரேடியன் வேகத்தில் கடிகார முள்ளின் திசையில் சுழற்றுகிறது. திரவத்தில் ஒரு சிறு வட்டத்துக்குச் சாயமிட்டால், அது நீள்வட்டமாக நீள்வதையும் அதே நேரத்தில் திரும்புவதையும் காணலாம். நேராக ஓடும் ஓட்டத்துக்குள் மறைந்திருக்கும் சுழற்சியை இந்தப் பிரிப்பு வெளியே எடுத்து வைக்கிறது.

ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1845-இல் பாய்மங்களின் உள் உராய்வை ஆராய்ந்தபோது இதைத்தான் அடிப்படையாகக் கொண்டார். ஒரு சிறு பகுதி உருமாறாமல் மொத்தமாகச் சுழன்றால், அதன் துகள்கள் ஒன்றையொன்று உரசுவதில்லை. ஆகவே பாகுநிலையால் எழும் தகைவு ச-வை மட்டுமே சார்ந்திருக்க வேண்டும். திண்மப் பொருள்களில் ஏற்படும் சிறு உருமாற்றத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்: அங்கே சமச்சீர்ப் பகுதிக்குத் திரிபு என்று பெயர்.

ச-வின் ஐகன் மதிப்புகளையும் எ-யின் ஐகன் மதிப்புகளையும் கூட்டினால் அ-வின் ஐகன் மதிப்புகள் கிடைக்குமா?

கிடைக்காது. மேலே உள்ள ஓட்டத்தின் அணிக்கு இரண்டு ஐகன் மதிப்புகளும் 0. அதன் ச-வுக்கு ½, −½. எ-க்குக் கற்பனை அலகின் ½ மடங்கும் −½ மடங்கும். எந்த வகையில் இணைத்துக் கூட்டினாலும் பூச்சியம் வராது. மொத்தக் கூடுதல் மட்டும் பொருந்தும், ஏனெனில் அது மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலுக்குச் சமம்.

ஆனாலும் ஒரு பயனுள்ள உண்மை இருக்கிறது. அ-வின் எந்த ஐகன் மதிப்பை எடுத்தாலும், அதன் மெய்ப்பகுதி ச-வின் மிகச் சிறிய ஐகன் மதிப்புக்கும் மிகப் பெரிய ஐகன் மதிப்புக்கும் இடையில்தான் இருக்கும். இதை ஐவார் பெண்டிக்ஸன் 1902-இல் நிறுவினார். ச-வின் ஐகன் மதிப்புகள் எல்லாம் குறை எண்கள் என்று தெரிந்துவிட்டால், எ எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ப மாறும் வீதம் அப என்று இயங்கும் அமைப்பு நிலைத்தன்மை உடையது என்று சொல்லிவிடலாம்.

அணிக்கோவைகளைக் கூட்டலாமா? நான் சோதித்த அணிகளில் எல்லாம் சரியாக வந்ததே!

நீங்கள் சோதித்தவை இரண்டாம் வரிசை அணிகளாக இருக்கும். முதல் எடுத்துக்காட்டில் அ-வின் அணிக்கோவை 8 − 21 = −13; ச-வுக்கு 8 − 25 = −17; எ-க்கு 4. கூட்டினால் −13 என்று சரியாக வருகிறது. இரண்டாம் வரிசையில் இது எப்போதும் உண்மை. 7 × 3 என்பது 5² − 2² என்பதுதான் அதற்குக் காரணம். இந்த அழகான பொருத்தம் அடுத்த வரிசையிலேயே முறிந்துவிடுகிறது.

மூன்றாம் வரிசை எதிர் சமச்சீர் அணியின் அணிக்கோவை எப்போதும் பூச்சியம், ஏனெனில் மூன்று நிரைகளின் குறியையும் மாற்றினால் அணிக்கோவையின் குறி மாறும், ஆனால் நிரை நிரல் மாற்றத்தால் அதன் மதிப்பு மாறாது. ஒற்றைப்படை வரிசை எதுவாயினும் இது பொருந்தும். நம் எடுத்துக்காட்டில் அ-வின் அணிக்கோவை 171, ச-வின் அணிக்கோவை −52, எ-யின் அணிக்கோவை 0. விடுபட்ட 223 எங்கிருந்து வந்தது? சுழற்சி அச்சாக நாம் கண்ட (−4, −3, −2) என்ற வெக்டரை ச-வின் இருபடி வடிவத்தில் இட்டுப் பாருங்கள். ச அதை (−18, −33, −26) ஆக மாற்றுகிறது; இரண்டின் புள்ளிப் பெருக்கம் 72 + 99 + 52 = 223. மூன்றாம் வரிசையில் இந்த உறவு எல்லா அணிகளுக்கும் உண்மை: நீட்சியும் சுழற்சியும் சேர்ந்து ஓர் உறுப்பைத் தருகின்றன, தனித்தனியாகப் பார்த்தால் அது கண்ணில் படாது.

அணிகளைப் பெருக்கும்போது என்ன ஆகும்? சமச்சீர் × சமச்சீர் = சமச்சீர்தானே?

இல்லை. ச, ட இரண்டும் சமச்சீர் அணிகள் என்றால், சட-வின் நிரை நிரல் மாற்று அணி டச. சட-வும் டச-வும் சமமாக இருந்தால் மட்டுமே பெருக்கல் பலன் சமச்சீராகும். சார்புகளில் இரட்டைப்படை, ஒற்றைப்படை வகைகளைப் பெருக்கும் எளிய விதி இங்கே செல்லாமல் போவதற்குப் பெருக்கலின் வரிசை முக்கியமாக இருப்பதே காரணம். ஓர் அணியைத் தன்னோடு பெருக்கும்போது மட்டும் விதி தப்பிப் பிழைக்கிறது: அ²-இன் சமச்சீர்ப் பகுதி ச² + எ², எதிர் சமச்சீர்ப் பகுதி சஎ + எச.

கணக்கிட்ட அணி சமச்சீராக இருக்க வேண்டும், ஆனால் சிறு பிழைகளால் அப்படி வரவில்லை. ½(அ + அ′) என்று மாற்றிவிடுவது நியாயமா?

நியாயம்தான், அதற்கு வலுவான காரணமும் உண்டு. உறுப்புகளின் வர்க்கங்களின் கூடுதலை அணியின் அளவாகக் கொண்டால், அ-வின் அளவு ச, எ இரண்டின் அளவுகளின் கூடுதலுக்குச் சமம். முதல் எடுத்துக்காட்டில் 4 + 49 + 9 + 16 = 78; ச-வுக்கு 70, எ-க்கு 8. இது பித்தாகரஸ் தேற்றமேதான்: அணிகளின் வெளியில் சமச்சீர் அணிகளும் எதிர் சமச்சீர் அணிகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. ஆகவே அ-வுக்கு மிக அருகில் உள்ள சமச்சீர் அணி ச-தான். எ-யின் அளவு எவ்வளவு என்பதையும் தவறாமல் பாருங்கள். அது பெரிதாக இருந்தால், கணக்கிலேயே வேறு கோளாறு இருக்கிறது என்று பொருள், சராசரி எடுத்து அதை மறைக்கக் கூடாது.

உறுப்புகள் கலப்பெண்களாக இருந்தால்?

நிரை நிரல் மாற்றத்தோடு ஒவ்வோர் உறுப்புக்கும் இணை கலப்பெண்ணையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது கிடைப்பவை ஹெர்மிசியன் பகுதியும் எதிர் ஹெர்மிசியன் பகுதியும். எதிர் ஹெர்மிசியன் அணி ஒவ்வொன்றும் ஒரு ஹெர்மிசியன் அணியைக் கற்பனை அலகால் பெருக்கியதுதான் என்பதால், கலப்பெண்ணை மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று எழுதுவது போலவே அணியையும் எழுதலாம். மூலைவிட்டத்தில் பூச்சியமே வரும் என்று முன்பு சொன்னது மட்டும் இங்கே மாறும்: எதிர் ஹெர்மிசியன் அணியின் மூலைவிட்டத்தில் தூய கற்பனை எண்கள் வரலாம்.

மூன்று குறியெண்கள் கொண்ட அமைப்பையும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாமா?

இரண்டு பகுதிகள் போதாது. உறுப்பின் இடத்தைக் காட்டும் எண்ணே குறியெண்; அணியில் நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என இரண்டு. மூன்று குறியெண்கள் இருந்து, ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரை மாறினால் மொத்தம் 27 உறுப்புகள். எந்த இரண்டு குறியெண்களை இடம் மாற்றினாலும் மாறாதவை 10 பரிமாணங்களையும், எந்த இரண்டை இடம் மாற்றினாலும் குறி மாறுபவை 1 பரிமாணத்தையும் தருகின்றன; மீதமுள்ள 16 இரண்டிலும் சேராதவை. இரண்டு குறியெண்களை இடம் மாற்ற ஒரே ஒரு வழிதான் உண்டு, அதை இருமுறை செய்தால் பழைய நிலை வந்துவிடும். மூன்று குறியெண்களை வரிசைப்படுத்த ஆறு வழிகள் உண்டு. அவற்றில் சில, மூன்று முறை செய்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். சார்புகளைப் பற்றிய விடையில் சொன்ன நியாயம் அங்கே செல்லாது.

எந்த எண்களை வைத்துக் கணக்கிட்டாலும் இந்தத் தேற்றம் உண்மையா?

இரண்டால் வகுக்க முடிந்தால் மட்டுமே. 0, 1 என்ற இரண்டு எண்களை மட்டும் கொண்டு, 1 + 1 = 0 என்று வைத்துக் கணக்கிடும் முறையில் −1-உம் 1-உம் ஒன்றே. அங்கே எ′ = −எ என்ற நிபந்தனையும் ச′ = ச என்ற நிபந்தனையும் ஒன்றாகிவிடுகின்றன; மூலைவிட்டத்தில் 1 இருந்தாலும் தடையில்லை. சமச்சீர் அணிகளை எத்தனை கூட்டினாலும் சமச்சீர் அணிதான் வரும் என்பதால், முதல் நிரை (0, 1), இரண்டாம் நிரை (0, 0) என்ற அணியை அந்த முறையில் பிரிக்கவே முடியாது.